பனிமலை வாய்ப்பூட்டும் நாற்பத்தொரு வீடும்

கொன்றைக்குப்பம்,
நகரி அஞ்சல், சித்தூர் மாவட்டம்.
17-5-1957

பனிமலைச் சாரலில் வாய்க்குப் பூட்டுப் போட்டு வீற்றிருக்கும் என் மகன் கோவர்த்தனனே! அவன் பின்னே மூட்டை சுமந்து ஏறிய மருமகள் தாட்சாயணியே! ஏழு வயதில் முதுகில் பை கட்டி நடக்க வைக்கப்பட்ட என் பேத்தி குழலியே! உங்கள் மூவரையும் ஓர் அவையாகக் கொண்டு விளிக்கிறேன். என் முறையீடு ஒன்றே ஒன்று. இந்த ஊரின் நாற்பத்தொரு வீட்டாரின் மொழியை ஆறாண்டுக்கு முன் தவறாக எழுதி வைத்தவன், அதைத் திருத்த வேண்டிய நாளில் தன் வாயை மூடிக்கொண்டு மலையேறிவிட்டான். அவன் பெயரை நான் வேறு சொல்ல வேண்டுமா? மற்றபடி இங்கே உன் தாய் சந்திரம்மா உடல் நலத்தோடு இருக்கிறாள். நான் புத்தூர்க் கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசியதில் தொண்டை கட்டி, நான்கு நாளாய் மிளகுக் கஞ்சி குடித்துத் தேறியிருக்கிறேன். ஏரியில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது, செவலை மாடு கிடாரி ஈன்றது. வீட்டில் நலம்தான். ஊர்தான் நலமில்லை. அங்கே நீங்கள் மூவரும் குளிரால் துன்பமுறாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்தாலன்றி உன் தாய்க்குச் சோறு இறங்காது. ஆகவே அதை மட்டுமாவது உடனே எழுதுங்கள். தாட்சாயணி, அம்மா, நீ வாய் திறந்து பேசலாம் என்று உன் கடிதத்தால் அறிந்தேன். இதை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து விடாதே. அவன் எதிரே அமர்ந்து, உரக்க, ஒரு சொல் விடாமல் படி. பேசமாட்டேன் என்றுதானே நோன்பு? கேட்கமாட்டேன் என்றில்லையே.

மகனே, உன் பயணக் கடிதங்கள் நான்கும் வந்து சேர்ந்தன. செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதுவதற்கென்று நாகபுரிக் கல்லூரி உனக்கு அரைச் சம்பளத்தோடு ஓராண்டு விடுப்புக் கொடுத்தது. நீ இதுவரை எழுதியது இந்த நான்கு கடிதங்கள்தாம் போலும். முதற் கடிதம் முழுவதும் ஆணி அடித்த காலணி வாங்கிய கதை. இரண்டாவதில், முதுகுப் பையில் எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று இரண்டு பக்கம். அரிசி கனமென்று விட்டுவிட்டுத் தகரத்தில் அடைத்த பட்டாணியை எடுத்துக்கொண்டாயாம். சீப்பைக்கூட எடை போட்டுப் பாதியாய் ஒடித்தாயாம். கணவன் ஒரு பாதி, மனைவி ஒரு பாதி! மூன்றாவதில், பதினோராயிரம் அடி உயரத்தில் கூடாரத்துக்குள் பனி சொட்டிப் போர்வை நனைந்தது, தாட்சாயணிக்கு மூச்சு வாங்கியது, குழலிக்குக் குதிகாலில் கொப்புளம், 'ஆயினும் உள்ளம் இலேசாயிற்று நைனா' என்று முடிக்கிறாய். கொப்புளம் குழந்தைக்கு, இலேசு உனக்கு! நன்றாயிருக்கிறது உங்கள் குடும்பப் பங்கீடு. கூடவே வந்த நிழற்படத்தில் தாடியும் கோலுமாய் நிற்கிறாய், முதுகில் ஒரு மூட்டை. அதை நான் கூட்டத்துக்குத் திருப்பதி போனபோது நம் ரங்கையாவிடம் காட்டினேன். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நாள்தோறும் மளிகை மூட்டை தூக்கி ஏறுகிறவன் அவன், உனக்குத் தெரியாதவன் அல்லன். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, கைக்காசு போட்டுக்கினு போய் தானே மூட்ட தூக்கிக்கினு நிக்கறாரு? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தூக்கியிருப்பனே. அவரு உள்ளம் இலேசாவும், என் வயிறும் ரொம்பும்" என்றான். சுற்றி நின்ற சுமையாட்கள் சிரித்த சிரிப்பு மலையில் எதிரொலித்தது. முப்பதாண்டாய் நாள் தவறாமல் ஏழு மலை ஏறுகிறவனுக்கு வராத ஞானம், மூன்று கிழமை ஏறிய உனக்கு வந்துவிட்டதென்றால், ஞானமும் ஆள் பார்த்துத்தான் வருகிறது போலும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான்காம் கடிதம் வந்தது, சிரிப்பு நின்றது. அந்த ஆசிரமத்தில் சேர்ந்தீர்கள், விடியுமுன் மணி, உப்பில்லாத பருப்பு, பாய்மேல் அமர்ந்து மூச்சை எண்ணுதல், எல்லாம் எழுதியிருந்தாய். தொண்ணூறு நாள் வாய்வாளாமை என்னும் பேசா நோன்பு மேற்கொள்ளுமுன், வாழ்நாளில் செய்த பிழைகளை ஒரு தாளில் எழுதித் தம் முன் வைக்கும்படி உன் சாமியார் சொன்னாராம். நீ பதினேழு பிழைகள் எழுதினாயாம். அவற்றுள் ஒன்பதாவது எனக்கும் தொடர்புடையதாகையால் எனக்கும் எழுதுகிறாயாம். அந்த வரிகளை நான் இப்போது மனப்பாடமாகவே சொல்லுவேன்: 'ஐம்பத்தொன்றில் ஊர்ப்பள்ளி ஆசிரியனாக இருந்தபோது குடிக்கணக்கு எடுத்தேன். கிழக்குத் தெருவில் வீட்டில் என்ன மொழி என்று ஒருவரையும் கேட்கவில்லை. என்னிடம் தெலுங்கில் பேசினார்கள், தெலுங்கு என்று எழுதினேன். நெடுநாளாய் நெஞ்சை அரித்தது. தாளை ஓமத் தீயில் இட்டேன். சுமை இறங்கிற்று.' இறங்கிற்றா? எங்கே இறங்கிற்று? யார் தலையில் இறங்கிற்று? நீ எரித்தது வெள்ளைத் தாளடா! நீ எழுதிய கணக்குச் சீட்டு எரியவில்லை. அது இங்கே அரசாங்கக் கட்டில், உன் கையெழுத்தோடு, பத்திரமாய் இருக்கிறது. நான் என் கண்ணால் பார்த்தேன். எந்த ஊர் ஆந்திரத்துக்கு, எந்த ஊர் சென்னை மாநிலத்துக்கு என்று எல்லை உசாவலுக்கு வந்திருக்கும் அலுவலர் அதைத்தான் மேசைமேல் விரித்து வைத்து, ஊரூராய்த் தலை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

என்ன நடந்ததென்பதை நான் ஊகிக்க முடியும், ஏனென்றால் நம் மக்களை நானறிவேன். கிழக்குத் தெரு வெங்கடம்மா உன்னைக் கையில் தூக்கி வளர்த்தவள். முதல் நாள்வரை "டேய் கோவர்த்தனா, இம்மாம் வெயில்ல எங்க போய்க்கினு கீற, வந்து மோர் குச்சிட்டுப் போ" என்றவள். மறுநாள் நீ காற்சட்டை மாட்டி, கையில் காகிதக் கட்டும் மைக்கூடுமாய் அவள் வாசலில் போய் நின்றவுடன் எழுந்து, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் வரவேற்றிருப்பாள். வீட்டுக்குள் அடுப்போடும் பிள்ளையோடும் மாட்டோடும் தமிழ். காகிதத்தோடு வருகிறவனிடம் தெலுங்கு. மணியக்காரன், வரி வாங்குகிறவன், அம்மை குத்துகிறவன் எல்லாரும் இரண்டு தலைமுறையாய் அந்த மொழியில் வந்ததால், அதுதான் பெரியவரிடம் பேசும் பேச்சு என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் காட்டும் பணிவு. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவதுபோல ஒன்று. இதை வடக்கேயிருந்து வரும் ஒருவன் அறியாமல் இருக்கலாம். இந்த ஊரில் பிறந்து, அந்தத் தெருவிலேயே மோர் குடித்து வளர்ந்த நீ அறியாயா? ஒரு வீட்டில் நடந்தால் அயர்வு என்பேன். இரண்டு வீட்டில் நடந்தால் வெயில் என்பேன். தெருவின் நாற்பத்தொரு வீட்டிலும் அதே பணிவைப் பார்த்து அதே சொல்லை எழுதினாயே, அது சோம்பலன்றி வேறென்ன? ஊரில் நூற்றுப் பதினெட்டு வீடு. உன் சீட்டின்படி தமிழ் நாற்பத்தாறு, தெலுங்கு எழுபத்திரண்டு. நீ கேட்டிருந்தால் தமிழ் எண்பத்தேழு. அந்த ஒரு தெருவில் ஊரின் தலையெழுத்தே மாறிக் கிடக்கிறது.

இதைச் சரிசெய்ய நான் சும்மா இருந்தேன் என்று எண்ணாதே. உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், வெங்கடம்மாவை வண்டியேற்றிப் புத்தூர்ப் பயணியர் விடுதிக்கு, உசாவல் நடக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்றேன். வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள், தமிழ் என்று சொல், போதும் என்று. அவளும் தலையை ஆட்டினாள். அலுவலர் வடநாட்டவர், நல்லவராகவே தெரிந்தார். அவருக்கு மொழிபெயர்க்க இருப்பவர் நம் சிட்டிபாபு. தெலுங்கர்தாம், எனக்கு எதிர் மேடைக்காரர், ஆனால் பொய் சொல்லாதவர். அவர் நல்ல தமிழிலேயே, "அம்மா, உங்க வீட்டுல என்ன மொழி பேசறீங்க?" என்று கேட்டார். வெங்கடம்மா மேசையைப் பார்த்தாள், காகிதக் கட்டைப் பார்த்தாள், மைக்கூட்டைப் பார்த்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக் கைகூப்பி, மணியடித்தாற்போலச் சொன்னாள்: "மா இண்ட்லோ அந்தரம் அரவமே மாட்லாடதாமண்டி, தொரகாரு." எங்கள் வீட்டில் எல்லாரும் தமிழே பேசுகிறோம் ஐயா! அதைத் தெலுங்கில் சொன்னாள், மகனே! அறையே வெடித்துச் சிரித்தது. அலுவலருக்குப் பொருள் சொன்னபோது அவரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பதாண்டு மேடையில் என்னை வீழ்த்த எவரெவரோ முயன்றார்கள். அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். வெளியே வந்ததும் ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று சீறினேன். அவள் திகைத்துப்போய், "இன்னாண்ணா நீ, அம்மாம் பெரிய ஆபீசரு காகிதமும் கையுமா குந்திக்கினு கீறாரு, அவராண்ட போய் ஊட்டுப் பேச்சுப் பேசினா மருவாதியா? ஒன் புள்ள எய்த வந்தப்பவும் இப்டித்தான் பேசினேன். அதுவும் தலைய ஆட்டிக்கினு எய்திக்கிச்சி. அப்ப ஒண்ணும் கோவிச்சிக்கலியே?" என்றாள்.

சிட்டிபாபு வாசலுக்கு வந்து என் தோளில் கைவைத்து, "ஏமண்டி திருமலைகாரு, தமிழ் தமிழ்னு தொண்டை கிழியக் கத்தறீங்க, உங்க அப்பாயி உங்களக் கூப்பிடறது எப்படி? நைனா அனே கதா?" என்று ஊர்ச் சிரிப்போடு குத்தினார். என் மகன் என்னை அழைக்கும் நைனா என்ற சொல் தெலுங்காம், ஆகவே என் வீடும் தெலுங்கு வீடாம். நான் விடவில்லை. "நீர் உம் தாயை எப்படி அழைப்பீர்? அம்மா என்றுதானே? அப்படியானால் உம் வீட்டையும் தமிழில் சேர்த்துக்கொள்கிறேன், வாரும்" என்றேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் தாழ்ந்த குரலில், "மாட்டலோ மீரே கெலிசினாரு. பேச்சுல நீங்கதான் எப்பவும் ஜெயிக்கறீங்க. காகிதத்துல?" என்றார். அலுவலர் என்னை மீண்டும் உள்ளே அழைத்து முடிவாகச் சொன்னது இது: சொற்பொழிவு வேண்டாம், கையெழுத்து மனுவும் வேண்டாம், கணக்கை எழுதியவரே நேரில் வரட்டும், சீட்டுகளைப் பார்த்துத் தம் கையெழுத்தென்று ஒப்பட்டும், எதைக் கேட்டார் எதைக் கேட்கவில்லை என்று என் எதிரில் சொல்லட்டும், அவர் சொன்னால் கிழக்குத் தெருவுக்கு ஆள் அனுப்பி வீடுவீடாய்ப் புதிதாய்க் கேட்கச் செய்வேன், வரும் ஜூன் பத்தாம் நாள் திங்கட்கிழமை புத்தூரில் என் கடைசி அமர்வு, அதன்பின் இந்த ஊரின் காகிதக் கட்டை மூடிவிடுவேன். ஆசிரமத்துக்கு அன்றே தந்தி கொடுத்தேன். வந்த மறுமொழியை அப்படியே தருகிறேன்: மௌனத்தில் இருப்பவருக்கு உலகச் செய்தி சேர்ப்பது இங்கு வழக்கமில்லை, ஜூலைத் திங்களில் சேர்ப்போம். ஜூலையில்! எல்லைக் கல்லை நட்டு, பால் ஊற்றி, படையல் போட்ட பிறகு! அதனால்தான் இக்கடிதத்தைத் தாட்சாயணி பெயருக்கு, அவள் கிழமைதோறும் காய் வாங்கப் போகும் கடைத்தெரு அஞ்சலகத்துக்கு அனுப்புகிறேன்.

மொழி எதுவானால் என்ன, எல்லாம் ஒன்றே என்று உன் சாமியார் சொல்லித்தருகிறார் என்றும் எழுதியிருந்தாய். அவருக்கு என்ன, அவரிடம் யார் ஓலை கொண்டு வந்து நீட்டுகிறார்கள்? தெலுங்கரோடு எனக்குப் பகையில்லை. அவர்கள் மாநிலம் கேட்டுப் பெற்றார்கள், நன்று. என் வழக்கெல்லாம் வெங்கடம்மாவின் வீட்டு வாசலில் நடப்பதைப் பற்றியது. போன தையில் அவளுடைய வேர்க்கடலைக் கொல்லைக்கு எல்லை அளக்கப் போவதாகத் தெலுங்கில் அறிவிப்பு வந்தது. தெலுங்கில் பேசுவாளே தவிர ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. குறித்த நாள் எதுவென்று படித்துச் சொல்ல ஆள் தேடி அவள் அலைந்து முடிக்குமுன் அளந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு பனைமரம் பக்கத்துக் கொல்லைக்குள் போயிற்று. நீ ஆசிரியனாய் இருந்தாயே, அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடிவிட்டார்கள், கணக்குப்படி இங்கே தமிழ்ப் பிள்ளைகள் போதாதாம். எந்தக் கணக்குப்படி? உன் கணக்குப்படி! கிழக்குத் தெருப் பிள்ளைகள் பதினாறு பேர் தமிழ் படிக்க மூன்று கல் நடக்கிறார்கள். அவர்களுக்கும் முதுகில் பை உண்டு. அவர்களுக்கு அதனால் உள்ளம் இலேசாவதாகத் தெரியவில்லை.

என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், உன்னைப்போல் தீயில் இடாமல் உன் எதிரிலேயே சொல்கிறேன். நீ கணக்கெடுத்த அந்த நாட்களில் நான் திருத்தணி, திருவள்ளூர், சோளிங்கர் என்று மேடை மேடையாய்த் தமிழ் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கு அடுத்த தெருவில் என் மகன் என்ன எழுதுகிறான் என்று பார்க்க எனக்கு நேரமில்லை. ஆயிரம் பேர் கைதட்டும் இடத்தில் நின்றேன், ஒருவன் மைக்கூட்டோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. இதை அலுவலரிடமே சொன்னேன். உன் தாயிடம் சொன்னபோது அவள் சோறு வடித்துக்கொண்டே, "இப்பனாச்சும் தெரிஞ்சிதா? நைனாவும் புள்ளயும் ஒரே ஜாதி. ஒர்த்தர் கத்திக்கினே ஊட்ட உட்டுட்டுப் போனாரு, ஒர்த்தன் கம்முனு உட்டுட்டுப் போனான்" என்றாள். பிறகு அவளே வந்து, "ரொம்பத் திட்டி எய்தாத. கொயந்த கால் கொப்புளத்துக்கு வேப்பெண்ண தடவச் சொல்லி எய்து" என்றாள். எழுதிவிட்டேன். குழலியின் காதுகளைக் கம்பளியால் மூடுங்கள், அவளுக்கு உப்புப் போட்டுச் சமையுங்கள், குழந்தையை எக்காரணம் கொண்டும் பேசாமல் உட்கார வைக்காதீர்கள். தாட்சாயணி, மூச்சிரைப்போடு இனி மேலே ஏறாதே, அது துணிவன்று, உன் கணவன் சொன்னாலும் ஏறாதே.

நீ அஞ்சுவது எனக்குத் தெரியும். கல்லூரி ஆசிரியன், ஓர் அலுவலர் முன் நின்று, என் வேலையை நான் ஒழுங்காய்ச் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். எழுத்தர்கள் சிரிப்பார்கள், செய்தித்தாளில் வந்தாலும் வரும், அடுத்த மேடையில் எதிரிகள் என்னைத்தான் கேட்பார்கள், உன் மகன்தானே ஐயா எழுதினான் என்று. கேட்கட்டும். நான் விடை சொல்லிக்கொள்கிறேன், அது என் தொழில். மலைமேல் முகந்தெரியாதவர்முன் பதினேழு பிழை ஒப்புவது எளிது. புத்தூரில், மோர் கொடுத்தவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒரு பிழையை ஒப்புவதுதான் ஏற்றம். அதற்கு ஆணி அடித்த காலணி உதவாது.

உங்கள் மூவரையும் நெஞ்சார வாழ்த்துகிறேன். நோயின்றி, குளிரின்றி, ஒருவருக்கொருவர் துணையாய் நீடு வாழ்க. குழலி நன்கு வளர்க, நன்கு பேசுக. உன் தாயின் வாழ்த்தும் இத்துடன். நினைவில் வைக்க வேண்டியது இது: கடிதம் கைக்கு வரும்போது இருபத்தைந்தாம் நாள் ஆகியிருக்கும். மலையிறங்க மூன்று நாள், காத்கோதாமில் இரயிலேறித் தில்லி வழியே சென்னைக்கு நான்கு நாள், அங்கிருந்து நகரிக்கு அரை நாள். பேத்தியும் மருமகளும் களைத்திருந்தால் அவர்களைத் தில்லியில் உன் நண்பர் வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் வா. ஜூன் பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த மேசை முன் நின்று, 'நான் கேட்கவில்லை ஐயா, கேட்காமலே எழுதினேன்' என்று சொல். எனக்காக வேறொன்றும் சொல்ல வேண்டாம், தமிழுக்காகக்கூட ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்த ஒரு வரி போதும். தாட்சாயணி இதைப் படித்து முடித்ததும் மணியடிக்கக் காத்திராதே, சாமியாரிடம் விடை கேட்டு நிற்காதே. எழு. வாயைத் திற. இன்றே இறங்கு.

உன் தந்தை,
கொன்றைக்குப்பம் திருமலை